இளக்காரத்தில் எரிந்த பல்புகள்

காற்று விளையும், கரண்டு விளையும், புத்தி மட்டும் எந்தப் பருவத்திலும் விளையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கிய பனவடலிவிளையில், கணவாய்க் காற்றுக்குச் சுற்றுகிற பெரிய பெரிய காற்றாடிகள் ஊருக்கு வேலி போட்ட மாதிரி நின்றன. அதில் பிறக்கிற கரண்டு பிறந்த கையோடு வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போய்விடும், ஊர்க்காரர்களோ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரசத்தையும் சோற்றையும் தடவித் தடவித் தின்றுகொண்டே, "நம்ம காத்துலதான் மெட்ராசே எரியுது, தெரியும்லா" என்று மீசையை முறுக்கிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில்தான், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்றுகூடத் தெரியாத மாசானமுத்து ஒரு கேரவன் வாங்கினார்.

அது மூடிப்போன ஏதோ ஒரு சினிமா கம்பெனியின் வண்டி. ஒரு காலத்தில் நடிகர்கள் அதற்குள் படுத்து எழுந்திருக்கிறார்கள், பல் தேய்த்திருக்கிறார்கள், மேக்கப் போட்டிருக்கிறார்கள். கட்டில் உண்டு, கைகழுவத் தொட்டி உண்டு, ஒரு ஆள் உயரத்தில் பாதிக்கு பிரிட்ஜ் உண்டு, மின்விசிறி உண்டு, சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி உண்டு, ஆனால் எஞ்சினைத் தவிர ஒன்றும் ஓடாது, ஒன்றும் எரியாது. சுண்ணாம்புக் காளவாசலில் ஆயுசு பூராவும் வெந்து, நெஞ்சு முழுக்கச் சுண்ணாம்பாகி, இனி இந்த ஆளால் ஆகாது என்று முதலாளி அனுப்பிவிட்ட மறுமாசம் மாசானமுத்து இதை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

அவர் மனைவி சிதம்பரவடிவு, தோவாளைச் சந்தைக்குத் தினமும் விடியுமுன் லோடு ஆட்டோவில் பூ ஏற்றிக்கொண்டு போகிறவள், அவளே ஓட்டுவாள். அவள் வண்டியில் இல்லாத பூ இல்லை, வாயில் மட்டும் ஒரு பூவும் கிடையாது என்பார்கள். ஆட்டோவை நிறுத்தி இறங்கி, கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கையை வைத்தாள்.

"ஓட்டத் தெரியாத மனுசன் வண்டி வாங்கியிருக்கீரே, நீந்தத் தெரியாதவன் கப்பல் வாங்குன கதையால்லா இருக்கு?"

"ஓட்டத்தான் நீ இருக்கியேளா. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்" என்றார் மாசானமுத்து, இருமிக்கொண்டே.

"எங்க போகவாம்?"

"பனி பாக்க."

அது வடிவுக்குத் தெரிந்த பழைய கதை. கல்யாணமான புதிதில், தலைமுதல் கால்வரை வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு அப்பி, கண்ணெரிச்சலோடு வீட்டுக்கு வருவார். அவர் தலையில் அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "சுடாத வெள்ளைன்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாதாக்கும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள், அவர் அன்றைக்கே சத்தியம் பண்ணினார், இமயமலைக்குக் கூட்டிப் போய் சுடாத வெள்ளையைக் காட்டுகிறேன் என்று. அதற்கப்புறம் பிள்ளை பிறந்து, வளர்ந்து, துபாய்க்குப் போய், தலையும் நரைத்துவிட்டது. மாவட்ட எல்லையைத் தாண்டாதவர்கள் இமயமலைக்குச் சத்தியம் பண்ணிக்கொண்ட லட்சணம் அது. ஆனால் இப்போது அவர் நெஞ்சு போகிற போக்கைப் பார்த்தால், போனால் இந்த வருசம் போக வேண்டும், இல்லாவிட்டால் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் வந்தவன் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஜஸ்டின். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையைக் கழற்றி, உள்ளே கோழிக்குடல் மாதிரி கிடந்த வயரைப் பார்த்து, உச்சுக் கொட்டி, உலகத்து எலக்ட்ரீசியன் எல்லாம் முதன்முதலாகச் சொல்லுகிற அந்த வேதவாக்கைச் சொன்னான்:

"எந்தக் கோட்டிக்காரப் பய பாத்த வேலைவே இது?"

கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் எரிந்தன.

ஸ்குரூடிரைவர் இன்னும் அவன் பல்லுக்கிடையில்தான் இருந்தது, ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. இருந்தாலும் எரிந்த விளக்குக்குப் பெருமை தேடாதவன் எலக்ட்ரீசியனா? பியூஸ் ஒன்றை மாற்றி, பேட்டரி முனையைச் சுரண்டிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வண்டி மறுபடி இருட்டு.

அடுத்தது, சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்து வந்த நாகூர்மீரான். "இதுக்கு முன்னால யாரு பாத்தது, ஜஸ்டினா? அவன் மாட்டுவண்டிக்கு லாந்தர் கட்டத்தான் லாயக்கு" என்றார், பல்பும் எரிந்தது, மின்விசிறியும் சுற்றியது. ரிலேயை மாற்றினார், போனார், அணைந்தது. மூன்றாவதாகக் காற்றாடிக் கம்பெனி எஞ்சினியர், மீட்டரை வைத்து அங்கே இங்கே தொட்டு, எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்து, ஜஸ்டினையும் மீரானையும் சேர்த்து இங்கிலீஷில் கேவலமாகப் பேசினார், பிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடியது. எர்த் வயரைப் பாடியோடு முறுக்கிக் கட்டிவிட்டு அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அதுவும் நின்றது. மூன்று பேரும் இன்றுவரை நான்தான் சரிபண்ணினேன், அடுத்தவன் கெடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கடைசியில் மாசானமுத்துவே இறங்கினார். எங்கேயோ தொங்கிய இரண்டு வயரைப் பல்லால் கடித்துத் தோலுரித்து, முறுக்கி, சிவப்பு டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி, விரலில் புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி ஒரு முடிச்சைப் போட்டுவைத்தார். சந்தையிலிருந்து வந்த வடிவு அதைப் பார்த்தாள்.

"ஏ மனுசா, இது என்னது, வயரா, வாயில்லா சீவனுக்குப் பிரசவம் பாத்துக் கட்டுன கட்டா? சுண்ணாம்பைத் தவிர ஒண்ணும் தெரியாது, சுண்ணாம்பும் ஒழுங்காத் தெரிஞ்சிருந்தா நெஞ்சுக்குள்ள ஏத்தியிருக்க மாட்டீரு, இதுல இமயமலைக்குப் போறாராம், இந்த முடிச்சை நம்பிப் போனா மூணு கிலோமீட்டர் தாண்டுமாவே இந்தச் சவம்?"

அவ்வளவுதான், பல்பு எரிந்தது, விசிறி சுற்றியது, பிரிட்ஜ் உறுமியது, யாரும் தொடாமலே ஹாரன் அடித்தது, வெயிலில் காய்ந்த கண்ணாடியை வைப்பர் வறட்டு வறட்டென்று துடைத்தது. அவள் வாயை மூடினாள், எல்லாம் மெல்ல மங்கியது.

"நிறுத்தாதளா" என்றார் மாசானமுத்து.

இப்படித்தான் அந்த வண்டி இளக்காரத்தில் ஓடுகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. ஏன், எப்படி என்று பனவடலிவிளையில் ஒருத்தரும் கேட்கவில்லை. பெட்ரோலில் ஓடுகிறது, டீசலில் ஓடுகிறது, இது இளக்காரத்தில் ஓடுகிறது, இதில் என்ன அதிசயம் என்று செல்போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் நுணுக்கமெல்லாம் கண்டுபிடித்தார்கள்: முகத்துக்கு நேரே பேசினால் விளக்கு எரியும், முதுகுக்குப் பின்னால் பொறணி பேசினால் கிரைண்டரே ஓடும், வாய்க்கு மட்டும் பேசினால் மினுக்கிவிட்டு அணையும், மனசார இளக்காரம் பண்ணினால்தான் நின்று எரியும், யாரையாவது தப்பித்தவறிப் பாராட்டிவிட்டாலோ பேட்டரி அந்த இடத்திலேயே இறங்கிப்போகும். பரம்பரை பரம்பரையாகச் சும்மா வீணாய்ப் போய்க்கொண்டிருந்த வளம் ஆயிற்றே, விடுவார்களா? வண்டியிலிருந்து வீட்டுக்கு வீடு வயர் இழுத்தார்கள். கொழுந்தியாளைப் பழித்து மாவரைத்தார்கள், சம்பந்தியைப் பழித்துத் தண்ணீர் மோட்டார் போட்டார்கள், பிள்ளைகள் வாத்தியாரைப் பழித்துப் பரீட்சைக்குப் படித்தார்கள்.

ஆனால் பழிக்கப்பட்டவனுக்கும் காது உண்டே. மண்டை உடைந்தது, ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது, தாயும் பிள்ளையும் பேச்சு வார்த்தை இல்லாமல் போனார்கள். ஊர்த்தலைவர் ஆறுமுகப்பெருமாள் கூட்டம் போட்டார். வேட்டியின் வெள்ளை குறையாமல் எந்தச் சேற்றையும் அடுத்தவன் மேல் தெளிக்கத் தெரிந்தவர் அவர்.

"ஆளுக்கு ஆள் பேசினா ஊர் தாங்காது. எல்லாரும் ஒருத்தரையே பேசுவோம். கோவப்படாத ஆளா இருக்கணும்" என்றார்.

ஊர் முழுக்கத் திரும்பி மாசானமுத்துவைப் பார்த்தது.

அவர் சிரித்தார். "ஊருக்கு வெளிச்சம் கெடைக்குன்னா பேசிட்டுப் போகட்டுமே" என்றார். வண்டி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். தெருத் தெருவாக முறை வைத்து வந்தார்கள். வந்தவர்கள் அவருடைய இருமலைப் பழித்தார்கள், வெந்துபோன கையைப் பழித்தார்கள், பொண்டாட்டி வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டவன் என்று பழித்தார்கள், அந்தச் சிவப்பு முடிச்சை வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக் காறினார்கள். ஊர் ஜெகஜோதியாக எரிந்தது. வெட்கம் கெட்டவர்கள், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து மீன் குழம்பில் முள் பொறுக்கித் தின்றார்கள்.

வடிவுக்குத்தான் வயிறு எரிந்தது. கட்டின நாளிலிருந்து அவரை அவள் பேசாத பேச்சில்லை. ஆனால் அவளைத் தவிர வேறு ஒருத்தர் அவரைப் பேசி அவள் கேட்டதில்லை.

"எம்புருசனை நான் பேசுவேன். நீ யாருல பேசுததுக்கு? உன் வீட்ல லைட் எரியணும்னா உன் அப்பனப் பேசு" என்று வரிசையில் நின்றவனை விரட்டினாள். தெரு விளக்கு முழுக்கப் பளீரென்று எரிந்தது, அவனும் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்ல?

"கெளம்பும், போவோம்" என்பாள் அவரிடம். "நெஞ்சு இழுக்குது உமக்கு. வயரை அறுத்துட்டு வண்டியை எடுக்கேன்."

"கோயில் கொடைத் திருநாள் முடியட்டும்ளா. ஊரே பந்தல் போட்டிருக்கு."

கொடை முடிந்தது, தலைவர் மகள் கல்யாணம் வந்தது. கல்யாணம் முடிந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது. பனி அங்கேயேதான் இருக்கும், உருகியா போயிரும் என்றார் தலைவர். இல்லை என்று சொல்லத் தெரியாத மனுசனை வைத்து ஊர் ஏரைக் கட்டி உழுதது.

புது நீர்த்தொட்டி திறப்பு விழாவுக்கு மைக்செட் போட வேண்டும் என்று ஒருநாள் காலையிலேயே வரிசை நீண்டது. ஒருத்தர் விடாமல் மனசாரப் பேசினார்கள், மைக்கில் பாட்டு மலையில் மோதித் திரும்பியது, தொட்டி நிறைந்தது, தலைவர் ரிப்பன் வெட்டினார். நாற்காலியில் மாசானமுத்து தலையைச் சாய்த்து இருந்தார். அவர் பதில் சொல்லாததை யாரும் கவனிக்கவில்லை. என்றைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்? வடிவு சந்தையிலிருந்து திரும்பி வந்து, ஆட்டோவை நிறுத்தி, அவர் தோளைத் தொட்டபோது அவர் ஆறிப்போயிருந்தார். அப்போதும் எதிரே நின்று ஒருத்தன் பேசிக்கொண்டிருந்தான்.

மகன் துபாயிலிருந்து வந்துதான் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டி வந்தது. பெட்டிக்குக் கரண்டு வேண்டும், கேரவனிலிருந்துதான் இழுத்தார்கள். அங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பது பனவடலிவிளையின் வழக்கம். உயிரோடு இருப்பவனைத் தின்னலாம், செத்தவனை நக்கக்கூடாது. வந்தவரெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தங்கமான மனுசன்", "ஒரு சொல்லு எதிர்த்துப் பேசாத தெய்வம்" என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ஒரு பல்பு போனது. தலைவர் மாலையோடு வந்து, "ஊருக்கு ஒளி தந்த வள்ளல்" என்று ஆரம்பித்தார், ஐஸ் பெட்டி ஒரு தடவை குலுங்கி நின்றேபோய்விட்டது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் கண்ணாடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களே தவிர, அத்தனை நாளும் வரிசையில் நின்று கூசாமல் பேசிய வாயில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. செத்தவன் சாபம் பலிக்குமாம். தலைவர் மெல்ல வடிவு பக்கம் குனிந்தார். அவள் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"மைனி, பிள்ளை வந்து அப்பன் முகத்தைப் பாக்கணும்லா. நீங்க ஒரு ரெண்டு வார்த்தை அவரை..."

வடிவு எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, உள்ளே கிடந்தவரைப் பார்த்தாள்.

"ஏ மனுசா," என்று ராகம் இழுத்தாள், "சொன்ன சொல்லைக் காப்பாத்தத் துப்பில்லாத மனுசா, சுடாத வெள்ளையைக் காட்டுறேன் காட்டுறேன்னு என் கறுத்த முடியை வெள்ளையாக்குன மனுசா, குளிரைக் காட்டுறேன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணிட்டு, இப்ப நீரு மட்டும் ஐஸ் பெட்டிக்குள்ள காலை நீட்டிப் படுத்துக்கிட்டீரே, ஒத்தையில அனுபவிக்கீரே, இது உமக்கு அடுக்குமாவே? ஊருக்கெல்லாம் லைட்டாம், கட்டுனவளுக்கு இருட்டாம்! பக்கத்துல உக்காந்து வாரேன்னு சொன்னீரே, எம்பக்கத்துல உக்காரக்கூடத் தெரியாமச் செத்தீரே! ஒழுங்கா இருமத் தெரியாது, கோவப்படத் தெரியாது, முடியாதுன்னு ஒரு சொல்லு சொல்லத் தெரியாது, உம்மையும் ஒரு ஆம்பிளைன்னு நம்பித் தினமும் வண்டியில முன் சீட்டைத் துடைச்சு வச்சேனே, என்னைச் சொல்லணும்!"

ஐஸ் பெட்டி கர்ஜித்தது. கண்ணாடியில் பனி பூத்துப் பூத்து, அவர் முகம் வெள்ளையாகி மறைந்தது. அவள் நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் என்னத்துக்கு மூக்கைச் சிந்துதிய? உயிரோட இருக்கும்போது தின்னுட்டு, செத்தப்புறம் வாயைத் துடைக்கியளோ?"

வீட்டுக்கு வீடு பல்பு வெடிக்கிற மாதிரி எரிந்தது, மைக்செட் தானாக ஊளையிட்டது, ஊருக்குள் நிறைந்த கரண்டு வழி தெரியாமல் கம்பியில் ஏறித் திரும்பி ஓட, ஊரைச் சுற்றி நின்ற காற்றாடிகள் எல்லாம், அடிக்கிற காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. மகன் வந்து சேரும்வரை சுற்றின. அப்பன் முகத்தைப் பார்க்க அவன் கையால் பனியைத் துடைக்க வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து மகனும் போனபின், வடிவு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வந்து, கேரவனிலிருந்து ஊருக்குள் போன வயர்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். தலைவர் ஓடி வந்தார்.

"ஊரே இருட்டாப் போயிருமே மைனி!"

"ஏம்வே, உம்ம ஊர்ல இளக்காரத்துக்கா பஞ்சம்?"

"அது கெடக்கு மைனி, வேணும்ங்கிற மட்டும் கெடக்கு. தாங்குததுக்குத்தான் ஆளில்ல" என்றார் தலைவர். வாழ்நாளில் அவர் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு அவர் வேட்டியைக் கறுப்பாக்கிவிட்டுக் கிளம்பியது.

அவள் வடக்கே வடக்கே ஓட்டினாள். பக்கத்து சீட்டில் அவர் துண்டை மடித்துப் போட்டிருந்தாள், அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனாள். கிருஷ்ணா நதியைத் தாண்டும்போது அவர் குறட்டையைப் பழித்தாள், நர்மதையைத் தாண்டும்போது அவர் பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த சட்டையைப் பழித்தாள், விசிறி சுற்றியது, பிரிட்ஜில் தண்ணீர் குளிர்ந்தது, ஒரு இடத்திலும் ஒரு பல்பும் மினுக்கி அணையவில்லை. சோறு பொங்கும்போதுகூட, "உமக்கென்ன, பசியா தவிப்பா" என்பாள்.

ஒரு மாலையில், வளைந்து வளைந்து ஏறிய ரோடு முடிந்த இடத்தில், மலை முழுக்க வெள்ளையாக இருந்தது. வடிவு இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். குனிந்து ஒரு கை அள்ளினாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. அவர் தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற வழிந்தோடின சுண்ணாம்பெல்லாம் இங்கே வந்துதான் குளிர்ந்து கிடந்தது என்று நினைத்தாள், வாய்விட்டு அழுதாள். வண்டிக்குள் ஏறி, துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த பனியை அதன்மேல் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "சொன்னபடி கொண்டாந்துட்டீரு. நல்ல மனுசன்தான் நீரு."

கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. விசிறி நின்றது. அவள் எழுந்து எதையும் பார்க்கப் போகவில்லை. அன்றைக்கு அந்த இருட்டில், கம்பளியை அவர் துண்டுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

காலையில் கீழே கடை வைத்திருந்த, கம்பளிக் குல்லாய் போட்ட மெக்கானிக் ஒருத்தன் வந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தான். உச்சுக் கொட்டினான். அவன் பாஷையில் என்னவோ சொன்னான். பாஷை தெரியாவிட்டால் என்ன, அவன் சொன்னது இன்னதுதான் என்று வடிவுக்குத் தெரியும். பல்புகளுக்கும் தெரிந்தது, எல்லாம் எரிந்தன. அவன் சிவப்பு டேப் சுற்றின முடிச்சைக் காட்டிச் சிரித்து, அறுத்து எறியப் பிளேயரை நீட்டினான்.

வடிவு அவன் கையில் பட்டென்று ஒரு போடு போட்டாள்.

"எம்புருசன் பாத்த வேலையாக்கும்லே அது. அவரைச் சொல்லுததுக்கு நான் இருக்கேன். நீ மத்ததைப் பாரு."

அவனுக்கும் அவள் பாஷை தெரியாது, ஆனாலும் புரிந்தது. அந்த முடிச்சைத் தொடாமல் மற்ற வயரையெல்லாம் பிரித்துக் கட்டினான். அவனுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஈரத் துண்டைப் பிழிந்து முன் சீட்டில் காயப் போட்டு, வடிவு வண்டியைத் தெற்கே திருப்பினாள்.

"இவ்வளவு தூரம் வந்தும் மானத்தை வாங்கிட்டீரே" என்று பக்கத்து சீட்டைப் பார்த்து ஆரம்பித்தாள். "உம்ம முடிச்சைப் பாத்து இந்த ஊர்க்காரனும்லா சிரிக்கான்."